தெரிந்த கணக்கு ஏன் மறந்து போகிறது?

எட்டாம் வகுப்பில் தள்ளுபடிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நாள் அது. 240 ரூபாய் விலையுள்ள பொருளுக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்றால் எவ்வளவு கொடுத்து வாங்கலாம்? மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவியைக் கரும்பலகைக்கு அழைத்தேன். சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு நின்றாள். 240 என்று எழுதினாள். அதற்கு மேல் கை நகரவில்லை. “நேத்துதானே நடத்தினேன்?” என்று கேட்டேன். “தெரியும் டீச்சர். இப்ப மறந்து போச்சு” என்றாள். வகுப்பு சிரித்தது. “வீட்டுல ஒரு தடவை எடுத்துப் பார்த்தா மறக்குமா?” என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன்.

அன்று மாலை பேருந்து நிலையத்தின் அருகே அவளுடைய அம்மாவின் பூக்கடையில் அவளைப் பார்த்தேன். ஒருவர் மூன்றரை முழம் மல்லிகை வாங்கினார். முழம் 30 ரூபாய். “நூத்தி அஞ்சுங்க. இருநூறு குடுத்தீங்க, இந்தாங்க தொண்ணூத்தஞ்சு” என்று பூவைக் கட்டிக்கொண்டே மீதியைக் கொடுத்தாள். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. அரசுப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றுகிறேன். ‘மறந்து போச்சு’ என்ற பதிலை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். படிக்காததற்கு அது ஒரு சாக்கு என்றே நினைத்திருந்தேன். கடையில் வந்த கணக்கு கரும்பலகையில் ஏன் வரவில்லை என்ற கேள்விதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததையும், அதன் பிறகு என் வகுப்பில் மாற்றிக்கொண்டதையும் ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மனதில் ஒரு சிறிய சிலேட்டு

ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வரும் எண்களைச் சிறிது நேரம் மனதில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். 240இல் 10 சதவீதம் 24, 5 சதவீதம் 12, இரண்டும் சேர்ந்து 36, அதை 240இல் கழித்தால் 204. இந்த 24, 12, 36 எல்லாம் தங்கும் இடத்தைச் செயல் நினைவகம் என்கிறார்கள் உளவியலாளர்கள். அது ஒரு சின்னச் சிலேட்டு மாதிரி. கொஞ்சம்தான் எழுதலாம். புதிதாக எழுத வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும்.

கரும்பலகை முன் நின்ற அந்தப் பெண்ணின் சிலேட்டில் அப்போது என்ன இருந்திருக்கும்? ‘தப்பா போட்டா சிரிப்பாங்க’, ‘டீச்சர் பார்த்துட்டே இருக்காங்க’, ‘போன தடவை மாதிரி ஆயிடுமோ’. இவற்றுக்கே பாதிச் சிலேட்டு போய்விட்டது. 24ஐ எழுதினால் 12க்கு இடமில்லை. கணக்கு அவளுக்குத் தெரியும். ஆனால் அதைப் போட்டுப் பார்க்க இடம் இல்லை.

இது வெறும் ஊகம் அல்ல. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தின் மேல் அச்சம் மிகுந்தவர்களையும் அச்சம் குறைந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சில எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டே கூட்டல் கணக்கு போடச் சொன்னார்கள். இனமாற்றம் தேவைப்படும் கணக்குகள் வந்தபோது அச்சம் மிகுந்தவர்களின் பிழைகள் வெகுவாகக் கூடின. அச்சமே சிலேட்டில் இடம் பிடித்துக்கொள்கிறது என்பதே அவர்கள் கண்டது.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. முதன்மைக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்த ஒரு நாளில், பதினைந்து ஆண்டுகளாக நடத்திய பாடத்தில் எனக்கு நாக்கு குழறியது. கரும்பலகையில் 7 பெருக்கல் 8க்கு 54 என்று எழுதினேன். ஒரு மாணவன்தான் திருத்தினான். அன்று நான் பாடத்தை மறந்தா போனேன்?

மூளையில் நடப்பது

மூளையின் உட்பகுதியில் வாதுமைக்கொட்டை அளவில் அமிக்டலா என்ற பகுதி உள்ளது. ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கை மணி அடிப்பது அதன் வேலைகளுள் ஒன்று. எதிரே வருவது பாம்பா, பிரம்பா, கேலிச் சிரிப்பா என்று அது அதிகம் பிரித்துப் பார்ப்பதில்லை. மணி அடித்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சிறிது நேரத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவும் கூடுகிறது. ஓடுவதற்கோ, எதிர்ப்பதற்கோ, அசையாமல் உறைந்து நிற்பதற்கோ உடல் தயாராகிறது.

இந்த நேரத்தில், யோசித்துத் திட்டமிட்டுச் செயல்படும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் வேலை மங்குகிறது. செயல் நினைவகம் பெரிதும் இந்தப் பகுதியைத்தான் நம்பியிருக்கிறது. படித்ததைப் பதியவும் மீட்கவும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் கார்டிசாலின் பாதிப்புக்கு உள்ளாவது. பதற்றத்தில் வராத விடை தேர்வு அறையை விட்டு வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது ‘சட்’டென்று வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். விடை உள்ளேதான் இருந்தது, போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

‘பயம் இருந்தால்தானே படிப்பான்?’

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சை எடுத்தபோது ஒரு மூத்த ஆசிரியர் கேட்டார்: “நம்ம காலத்துல அடி வாங்கித்தானே படிச்சோம்? பயம் இருந்தாத்தானே படிப்பான்?” நியாயமான கேள்விதான். இதற்கு விடை நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஓர் ஆய்வில் இருக்கிறது.

1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க எலி கற்க வேண்டும். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் லேசான மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக் கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமானபோது நிலைமை மாறியது. மிதமான அதிர்ச்சியில் நன்றாகக் கற்றன, அதிர்ச்சி கூடியதும் கற்பது தாமதமானது. பின்னாளில் உளவியலாளர்கள் இந்தக் கருத்தை மனிதர்களுக்கும் விரித்துப் பார்த்தார்கள்.

நம் வகுப்புக்கு வருவோம். மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கவும், பார்த்து எழுதவும் பயம் உதவுவது போலத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். வாக்கியக் கணக்கைப் புரிந்து பிரித்துப் போடவும், சொந்தமாக ஒரு கட்டுரை எழுதவும் அதே பயம் தடையாகிவிடுகிறது. கொஞ்சம் பரபரப்பு வேண்டும், மறுக்கவில்லை. நாளை தேர்வு என்றால் வரும் லேசான படபடப்பு நல்லது. அது அச்சமாகவும் அவமானமாகவும் மாறும் இடத்தில்தான் கற்றல் நின்றுபோகிறது.

இன்னொன்றும் உண்டு. உணர்ச்சி கலந்த நிகழ்ச்சிகள் நினைவில் ஆழமாகப் பதியும். ஆனால் எது பதிகிறது? ஆறாம் வகுப்பில் நான் வாங்கிய அடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நின்ற இடம், பக்கத்தில் நின்றவள், அன்று போட்டிருந்த பாவாடையின் நிறம்கூட நினைவிருக்கிறது. எந்தக் கணக்குக்காக அடித்தார்கள் என்பது மட்டும் நினைவில் இல்லை.

வீட்டிலிருந்து வரும் பாரம்

பூக்கடைப் பெண்ணின் பயத்துக்கு நான் காரணம். எல்லாப் பாரமும் வகுப்பில் ஏறுவதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கிவிடுவான். எழுப்பினால் முறைப்பான். யாராவது சத்தமாகப் பேசினால் சண்டைக்குப் போவான். நான் அவனை ‘திமிர் பிடித்தவன்’ என்று முடிவு கட்டினேன். பல நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. விசாரித்தபோது திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவனுடைய தெருவில் இருந்த ஒரு பாட்டிதான் மீதியைச் சொன்னார். இரவில் அவனுடைய அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பாராம். பையன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்துக்கொள்வானாம்.

இரவெல்லாம் தம்பிக்குக் காவல் இருந்தவன் காலையில் என் வகுப்பில் தூங்கினான். நான் அவனை வெளியே நிறுத்தினேன். அவனிடம் ஒரு நாள்கூட ‘ராத்திரி தூங்கினியா?’ என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் பதற்றம் வேறு, மாதக்கணக்கில் நீடிக்கும் அழுத்தம் வேறு. எச்சரிக்கை மணி அணையாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளையின் கவனம் முழுவதும் ஆபத்து எங்கே என்று தேடுவதிலேயே இருக்கும். நாம் குரலை உயர்த்தினால் அது அவனுக்கு அப்பாவின் குரலாகக் கேட்கும். அதனால்தான் சிறிய கண்டிப்புக்கும் பெரிய கோபம் வருகிறது. சில பிள்ளைகள் கோபப்படுவார்கள். சிலர் எதிலும் கலந்துகொள்ளாமல் அமைதியாகிவிடுவார்கள். அமைதியான பிள்ளையைப் பற்றி நமக்குப் புகார் வராது என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

தூக்கமும் உணவும் இதில் சேரும். பகலில் கற்றது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோது காலை வகுப்பில் தெரிந்த வேறுபாட்டைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் திட்டம் 1 முதல் 5 வகுப்பு வரை உள்ளவர்களுக்கு. ஆறாம் வகுப்புக்கு எங்களிடம் வரும் பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்பதை நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் மாற்றிக்கொண்டவை

இவற்றுக்குத் தனி நிதியோ தனிப் பாடவேளையோ தேவைப்படவில்லை.

முதலாவது, காத்திருத்தல். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் பதிவு செய்து காட்டினார். அதை மூன்று நொடிகளாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பதில் சொல்லாமல் இருந்தவர்களும் பேசினார்கள். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த ஐந்து நொடி ஐந்து நிமிடம் போலத் தெரிந்தது.

இரண்டாவது, கரும்பலகைக்கு முன் இரண்டு நிமிடம். யாரையும் திடீரென்று அழைப்பதில்லை. முதலில் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நோட்டில் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு இருவராகக் கரும்பலகைக்கு வருவார்கள். தவறானால் அது ஒருவருடைய தவறாக இருக்காது.

மூன்றாவது, மதிப்பெண்ணை உரக்க வாசிப்பதை நிறுத்தினேன். விடைத்தாளை மடித்து அவரவர் கையில் கொடுக்கிறேன். ‘அவள் எவ்வளவு, இவன் எவ்வளவு’ என்ற பேச்சு முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் அதை நான் தொடங்கி வைப்பதில்லை.

நான்காவது, என் தவறுகள். கரும்பலகையில் நான் தவறாக எழுதியதை யார் கண்டுபிடித்தாலும் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதி வைக்கிறேன். ‘இன்றைய தவறு’ என்று பெயர். எப்படித் தவறு வந்தது என்று எல்லோரும் சேர்ந்து பேசுவோம். இப்போது பிள்ளைகள் தங்கள் தவறையும் அதில் எழுதச் சொல்கிறார்கள்.

ஐந்தாவது, விரல் கணக்கு. வருகைப் பதிவின்போது பிள்ளைகள் மார்போடு சேர்த்து விரல் காட்டுவார்கள். ஐந்து என்றால் நன்றாக இருக்கிறேன், ஒன்று என்றால் இன்று முடியவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு விரல் காட்டிய பிள்ளையை அன்று கேள்வி கேட்பதில்லை. இடைவேளையில் தனியாக அழைத்து, “சாப்பிட்டியா? தூங்கினியா?” என்று மட்டும் கேட்கிறேன். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள்.

ஆறாவது, தேர்வுக்கு முன் எழுதுதல். ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் என்ற இருவரின் ஆய்வு 2011இல் சயின்ஸ் இதழில் வந்தது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம், தேர்வைப் பற்றிய தங்கள் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாகத் தேர்வுப் பயம் மிகுந்தவர்கள், நன்றாக எழுதினார்கள். சிலேட்டில் இருப்பதைத் தாளுக்கு இறக்கிவிட்டால் இடம் கிடைக்கும் அல்லவா? நான் பருவத் தேர்வு நாட்களில் மணி அடிப்பதற்கு முன் இதைச் செய்கிறேன். எழுதியதை நான் வாசிப்பதில்லை. கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நிமிடம் மெதுவாக மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். அது இதயத் துடிப்பைத் தணிக்கும்.

நம் எல்லை எது?

நாம் மனநல ஆலோசகர்கள் அல்லர். பிள்ளை சொல்வதைக் கேட்கலாம், நம்பலாம், வகுப்பில் பாரத்தைக் குறைக்கலாம். அதற்கு மேல் போகும்போது உதவியை நாட வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இவற்றை வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு பிள்ளை ‘யாருகிட்டயும் சொல்லாதீங்க’ என்று தொடங்கினால் அப்படி வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. ‘உனக்கு உதவி செய்ய யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்பதுதான் நேர்மையான பதில். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது நம் கட்டாயக் கடமை. உடல் ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. மனரீதியான துன்புறுத்தல் என்ற சொல்லைக் கவனியுங்கள். வகுப்பின் முன் ஒரு பிள்ளையைக் கேலிப் பொருளாக்குவதும் அதில் சேரும். இது எனக்கும் பொருந்துகிறது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

நம் மன அழுத்தமும் இதில் உண்டு. எமிஸ் பதிவேற்றம், பதிவேடுகள், வீட்டுக் கவலை என எல்லாவற்றோடும்தான் நாமும் வகுப்புக்குள் நுழைகிறோம். ஆசிரியரின் முகத்தைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் படிக்கிறார்கள். மனம் சரியில்லாத நாளில் “இன்னிக்கு டீச்சருக்குக் கொஞ்சம் தலைவலி, உங்க மேல கோபம் இல்ல” என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பு அன்று எனக்காக அமைதியாக இருக்கிறது.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

ஒரே மாதத்தில் முதல் மதிப்பெண் எடுத்துவிடவில்லை. அப்படி நடக்காது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் தள்ளுபடிப் பாடத்தைப் பூக்கடையிலிருந்து தொடங்கினேன். ‘30 ரூபாய் முழம், பத்து முழம் வாங்கினால் 15 சதவீதம் குறைப்பு, எவ்வளவு?’ அவள் கை தூக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவளுக்குக் காதில் சொல்லிக்கொடுத்தாள். 255, சரியான விடை. இரண்டு மாதம் கழித்துத் தோழியோடு கரும்பலகைக்கு வந்தாள். ஆண்டின் கடைசியில் ஒரு நாள் தனியாக வந்தாள். பாதியில் நின்றாள். வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. நான் ஐந்து வரை எண்ணினேன். அவள் போட்டு முடித்தாள்.

திருப்பூருக்குப் போன பையனைப் பற்றி எனக்கு அதன் பிறகு எதுவும் தெரியாது. ஒரு விரல் காட்டும் பிள்ளையை இடைவேளையில் தேடிப் போகும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறது.

அடுத்த பருவத் தேர்வில் உங்கள் வகுப்பிலும் மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி எழுதச் சொல்லிப் பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் பேசுவோம். சரியாக வராததையும் சேர்த்தே பேசுவோம்.